மூன்றாம் சாக்கெட்டும் நாற்பது நோயாளிகளும்

அவருக்கு நோட்டுக்காரர் என்று பேர் வைத்தவர் அவருடைய மச்சான். வைத்த நாளும் நேரமும்கூட நோட்டில் இருக்கின்றன. கல்யாணமாகிப் பதினோராவது நாள், மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், தலைக்கு மேலே எரிந்த பல்பைப் பார்த்து, "இது எப்போ மாத்துனது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பல்பு மாற்றிய தேதியே தெரியாமல் இவர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். பகல் ஒன்று இருபதுக்குப் பேர் ஒட்டிக்கொண்டது. பிறகு உரியவே இல்லை.

அவர் வீட்டில் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டது, குடையைப் பேருந்தில் விட்டது, அந்தக் குடை இன்றுவரை வராதது.

"இந்த வீட்டுல எண்ணெய் விடாம முப்பது வருஷமா ஓடிட்டிருக்கிறது நான் ஒருத்திதான்" என்று மனைவி சொல்வார். அதையும் நோட்டில் எழுதினாரா என்று கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

வேலை, ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆய்வகப் பொறுப்பாளர். பாடம் நடத்துகிறவர் வேறு. இவர் சாமான்களை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். மணி அடித்ததும் துடைத்து, எண்ணி, உள்ளே வைக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷமும் மாணவர்களுக்குப் பக்கவாட்டிலேயே நின்றார். ஒரு நாளாவது அவர்களுக்கு நேராக, கையில் சாக்பீஸோடு நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. காலி ஆய்வகத்தில் தராசைப் பார்த்து இரண்டொரு முறை பாடம் நடத்தியும் பார்த்திருக்கிறார். தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஆசை நிறைவேறும்போல இருந்தது ஒரு குப்பையால்தான். பள்ளியில் சுத்தம் செய்யும் நாள் ஒன்று வைத்து, சுற்றியுள்ள தெருக்காரர்கள் வேண்டாத மின்சாரச் சாமான்களைக் கொண்டுவந்து தரலாம் என்று அறிவித்தார்கள். மேஜை விசிறி, ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி என்று நாற்பது சாமான் சேர்ந்தது. இவர் வாசலில் உட்கார்ந்து, கொடுத்தவர் யார், வீடு எது என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகுதான், குப்பை வண்டிக்காரர் இந்த மாதிரிச் சாமானைத் தொடமாட்டார் என்பது தெரிந்தது.

தலைமையாசிரியை குவியலைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"சார், நீங்கதான் வீட்டுல ரேடியோ எல்லாம் பிரிப்பீங்கன்னு சொன்னாங்களே."

"பிரிப்பேன் மேடம்."

"திரும்பச் சேர்ப்பீங்களா?"

"பத்துல எட்டு."

"அது போதும். பசங்களுக்குச் சொல்லிக்கொடுங்க."

ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறை கிடைத்தது. பன்னிரண்டு அடிக்கு ஒன்பது அடி. செவ்வாயும் வியாழனும் மாலை நாலரைக்கு வகுப்பு, பதினொரு மாணவர்கள். பருவ முடிவில் கல்வி அலுவலர் வந்து பார்ப்பார். அவர் திருப்திப்பட்டால் வகுப்பு கால அட்டவணையில் ஏறும், நடத்துகிறவர் என்று இவர் பேரும் ஏறும். இல்லாவிட்டால் அறை விளையாட்டுச் சாமான்களுக்குப் போய்விடும். விளையாட்டு ஆசிரியர் அதற்குள்ளேயே நான்கு கால்பந்துகளைக் கதவோரம் குடியேற்றியிருந்தார்.

நோட்டுக்காரர் முதல் வாரம் முழுக்கக் கட்டம் போட்டார். வரிசை எண், பொருள், கொடுத்தவர், வருகைச் சோதனை, பார்த்த வேலை, மாற்றிய பாகம், விடைச் சோதனை, கையொப்பம். சுவரில் நான்கு சாக்கெட் உள்ள சோதனைப் பலகை ஒன்றைத் தானே கம்பி இழுத்துப் பொருத்தினார். முதல் சாக்கெட் விடைச் சோதனைக்கு. சரிசெய்த பொருள் அதில் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டாவது, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோலுக்கு. மூன்றாவது வருகைச் சோதனைக்கு மட்டும். புதிதாக வரும் பொருளை முதலில் அதில்தான் செருக வேண்டும். நான்காவது அவருடைய விசிறிக்கு. வருகிற நோயாளியும் வீடு திரும்புகிற நோயாளியும் ஒரே வாசலில் இடித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை. சாக்கெட்டை மாற்றிச் செருகுகிற மாணவர் அன்றைக்குத் திருகாணி பொறுக்கும் வேலைதான் செய்ய வேண்டும்.

வகுப்பு பிரமாதமாக நடந்தது. மூன்றாம் சாக்கெட்டில் செருகுவார்கள், பொருள் அசையாது. நோட்டில் 'உயிரில்லை' என்று ஏறும். செருகியை உருவிவிட்டுப் பிரிப்பார்கள், தூசு தட்டுவார்கள், கம்பியைப் பார்ப்பார்கள், சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றுவார்கள், மூடுவார்கள். முதல் சாக்கெட்டில் செருகினால் விசிறி சுற்றும், ரேடியோ பேசும். பதினொரு பேரும் கை தட்டுவார்கள். நாற்பதில் முப்பத்தொன்று பிழைத்தன. நோட்டுக்காரர் எதிர்பார்த்தது பதினைந்து.

வீட்டில் நடக்கும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. "கதவுல இடிச்சுக்காதீங்க" என்றார் மனைவி.

அலுவலர் வருவதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை, ஒத்திகைக்காக எல்லாரையும் வரச்சொன்னார். நோயுள்ள பொருளுக்கும் நோயில்லாத பொருளுக்கும் வித்தியாசம் காட்ட, தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் துணிப்பையில் எடுத்துப்போனார். அன்று காலை ஆறு பத்துக்கு அதில் சட்டை தேய்த்திருந்தார். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

விதிப்படி மூன்றாம் சாக்கெட்டில் செருகினார். ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பெட்டி சுடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சாக்கெட்டைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நோட்டுக்காரர் பேனாவை எடுத்தார். வரிசை எண் நாற்பத்தொன்று, இஸ்திரிப் பெட்டி, கொடுத்தவர்: நான், வருகைச் சோதனை: உயிரில்லை. "பாருங்க, பையில வரும்போதே கெட்டுப்போச்சு. சாமானுக்கு எப்போ என்ன ஆகும்னு சொல்ல முடியாது" என்று ஒரு தத்துவமும் சொன்னார்.

பிரித்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. துடைத்து மூடி முதல் சாக்கெட்டில் செருகினார்கள். பெட்டி சுட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். ஒருத்தி மட்டும் தட்டவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பதால் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சார், 'பார்த்த வேலை' கட்டத்துல என்ன எழுதுவீங்க?"

"துடைச்சோம்."

"துடைச்சா சூடாகுமா சார்?"

பேனா கட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அவர் தன் சட்டையைப் பார்த்தார். மடிப்பு கலையாமல் இருந்தது. பிறகு மூன்றாம் சாக்கெட்டைப் பார்த்தார்.

"தினமும் டெஸ்டர் வச்சுப் பார்க்கிறேனே. லைட் எரியுதே" என்றார், யாரிடமோ முறையிடுவதுபோல.

உண்மைதான். டெஸ்டர் திருகாணியைச் சாக்கெட்டில் வைத்து, அதன் குட்டி விளக்கு எரிவதைப் பார்த்து, நாள்தோறும் 'சரி' என்று எழுதியிருந்தார். மின்சாரம் வருகிற கம்பி சரியாக இருந்தாலே அந்த விளக்கு எரியும். திரும்பிப் போகிற கம்பி இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. மின்சாரத்தை நிறுத்திப் பலகையைக் கழற்றினார்கள். மூன்றாம் சாக்கெட்டில் திரும்பிப் போகிற கம்பி திருகாணிக்குப் பக்கத்தில் ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அதை அவர் முடுக்கவே இல்லை. பலகை மாட்டிய தேதியும் நேரமும், மாட்டியவர் கையொப்பமும் பின்புறத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தன. குற்றவாளியைத் தேடி அலைய வேண்டிய சிரமம் யாருக்கும் ஏற்படவில்லை.

"அப்போ எல்லா சாமானும் இதுல செத்ததாத்தான் தெரியும்" என்றாள் வக்கீல். "நல்லா இருக்கிறவங்களைப் படுக்க வச்சு, எழுப்பி உட்கார வச்சு, பிழைக்க வச்சுட்டோம்னு கை தட்டியிருக்கோம்."

"நான் வீட்டுல மெக்கானிக்னு சொல்லிட்டேன்" என்றான் நெட்டை, வகுப்பிலேயே உயரமானவன். "எங்க அத்தை மிக்ஸியைத் தூக்கிட்டு ஞாயித்துக்கிழமை வராங்க."

யாரும் சிரிக்கவில்லை. மூலையிலிருந்து, எப்போதும் வாய் திறக்காத ஒரு சின்னப் பெண் கேட்டாள். "சார், இருபத்திரண்டாம் நம்பர் ரேடியோ நான் பண்ணினது. அதுவும் சும்மாதானா?"

நோட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பேர் போவது கிடக்கட்டும். பதினொரு பிள்ளைகளுக்குத் தாங்கள் செய்தது எது, செய்யாதது எது என்றே தெரியாமல் ஆக்கிவைத்திருக்கிறார்.

ஆனால் அவர் நோட்டுக்காரர். கழற்றிய பாகம் ஒன்றையும் அவர் எறிந்ததில்லை. ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டு, வரிசை எண் எழுதி, பெட்டியில் அடுக்கியிருந்தார். இருபத்திரண்டாம் உறையை எடுத்தார். உள்ளே ஒரு சுவிட்ச். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து அழுத்திப் பார்த்தார், மூன்று முறை. முள் அசையவே இல்லை.

"இது நிஜமாவே செத்த சுவிட்ச். இந்த ரேடியோவை நீதான் பிழைக்க வச்சிருக்கே."

அந்தப் பெண் உறையை வாங்கித் தன் கையாலேயே திரும்ப மடித்தாள்.

அன்றும் மறுநாளும் எல்லா உறைகளையும் பிரித்தார்கள். கணக்கு இப்படி வந்தது. உண்மையிலேயே கெட்டிருந்து சரிசெய்தவை பன்னிரண்டு. வெறுமனே துடைத்து மூடிய ஆரோக்கியசாலிகள் பதினான்கு. நல்ல பாகத்தைப் பிடுங்கிவிட்டு இன்னொரு நல்ல பாகத்தைப் போட்டவை ஐந்து. பிழைக்காத ஒன்பதில் ஐந்து வரும்போதே போனவை. மீதி நான்கில் கழற்றிய பாகமெல்லாம் நன்றாகவே இருந்தது. சேரக் கூடாத இடத்தில் ஈயம் வழிந்து சேர்ந்திருந்தது, அல்லது பிரிக்கும்போது கம்பி அறுந்திருந்தது. அந்த நான்கும் நடந்து வந்து இவர்கள் கையில் உயிரை விட்டிருக்கலாம்.

புதன்கிழமை மாலை தலைமையாசிரியையிடம் சொன்னார். அவர் மேஜையில் அலுவலருக்கான படிவம் தயாராக இருந்தது. பழுது நீக்கப்பட்டவை: முப்பத்தொன்று.

"நாளைக்கு வர்றார் சார். இப்போ போய்ச் சொல்றீங்களே."

"தெரிஞ்சதே திங்கட்கிழமைதான் மேடம். நேத்து சாயந்திரம்தான் எண்ணி முடிச்சோம்."

"முப்பத்தொண்ணும் ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்போ அது பொய் இல்லையே. அவர் கேட்டா விளக்கம் சொல்லுங்க. கேட்கலைன்னா நாமளா ஏன் சொல்லணும்? பன்னிரண்டுன்னு போட்டா அறை போயிடும் சார். உங்க பேரும் ஏறாது. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். "முகம் ஏன் இப்படி இருக்கு?"

"இஸ்திரிப் பெட்டி நல்லா இருக்கு" என்றார்.

"அதுக்கா இவ்வளவு சோகம்?"

முழுவதும் சொன்னார். மனைவி கடைசிவரை கேட்டுவிட்டு, கையிலிருந்த துண்டை இறக்கிவைத்தார். "இருபத்தொன்பது வருஷமா கரண்ட் பாடத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுத்திருக்கீங்க. போறதுக்கு ஒரு கம்பி, வர்றதுக்கு ஒரு கம்பின்னு ஒரு நாள்கூடக் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நான் அப்போ சாமான் எண்ணிட்டிருந்தேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவருக்கும் வந்தது.

"சரி, முப்பத்தொண்ணுன்னே விட்டுட உங்களால முடியுமா?"

"விடச் சொல்றியா?"

"முடியுமான்னுதான் கேட்டேன். நம்ம கல்யாணத்துக்கு முந்நூத்திப் பன்னிரண்டு பேர் வந்தாங்கன்னு எங்கப்பா சொன்னதை, எல்லார் முன்னாடியும் முந்நூத்தி ஒன்பதுன்னு திருத்துனவர் நீங்க."

மறுநாள் பதினொன்றே காலுக்கு அலுவலர் வந்தார். அன்று அவருக்கு அது மூன்றாவது பள்ளி. விசிறி சுற்றியது, பார்த்தார். ரேடியோ பேசியது, கேட்டார். ஒரு கால்பந்து உருண்டு வந்து அவர் காலில் மோதியது, மெதுவாகத் தள்ளிவிட்டார். தலைமையாசிரியை படிவத்தை நீட்டினார். அலுவலர் எதுவும் கேட்கவில்லை. பேனாவைத் திறந்துவிட்டார்.

நோட்டுக்காரர் வாயைத் திறந்தது தைரியத்தால் என்று சொல்ல முடியாது. தப்பான எண் ஒன்று கண்ணெதிரே கையெழுத்தாகப் போவதை அவர் உடம்பு தாங்கவில்லை. இருமலை எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

"ஐயா, அது பன்னிரண்டு" என்றார்.

"எது?"

"முப்பத்தொண்ணு."

பிறகு சொல்லத் தொடங்கியவரை நிறுத்த முடியவில்லை. முடுக்காத திருகாணி, டெஸ்டர், பதினான்கு ஆரோக்கியசாலிகள், ஐந்து வீண் அறுவைகள், நான்கு சாவுகள். காலை ஆறு பத்துக்குத் தேய்த்த சட்டையைக்கூட விடவில்லை. தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசி முடித்த பிறகுதான், பதினொரு மாணவர்களுக்கும் நேராக நின்று பேசியிருக்கிறோம் என்பது நோட்டுக்காரருக்குத் தெரிந்தது. பாடமாக அமைந்தது தன் முட்டாள்தனம்தான் என்பதும் தெரிந்தது.

அலுவலர் பேனாவை மூடினார். "முப்பத்தொண்ணுன்னா கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்" என்றார் சலிப்போடு. "காலையில பார்த்த ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் நூத்துக்குத் தொண்ணூறுன்னாங்க. இப்போ இதை நான் படிச்சாகணும்."

உட்கார்ந்து படித்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. தலை நிமிராமலே ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் பதினாலும் நல்லா ஓடுற சாமான். அப்புறம் எதுக்குத் தூக்கிப்போட்டாங்க?"

"தெரியலை ஐயா. கேட்கலை."

"எட்டுக் கட்டம் போட்டிருக்கீங்க. அதைக் கேட்கலையா?"

நோட்டுக்காரர் எட்டையும் விரலில் எண்ணிப் பார்த்தார்.

"முடிவை எழுத்துல அனுப்புறேன். நோட்டை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார் அலுவலர்.

அதுதான் அடி. நோட்டு அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. நோட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் நீட்டினார், ஆனால் விடவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், 'பதிவேடு ஒன்று, எழுதிய பக்கங்கள் நாற்பத்தாறு, பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி அலுவலரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் விட்டார்.

பத்தொன்பது நாள் தூக்கம் சரியில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் அறைக் கதவோரக் கால்பந்து ஆறாகிவிட்டது.

இருபதாம் நாள் நோட்டும் உத்தரவும் சேர்ந்து வந்தன. முதலில் நோட்டைத்தான் திறந்தார். முப்பத்திரண்டாம் பக்கத்தில், ஒரு வியாழனுக்குப் புதன் என்று எழுதியிருந்ததை அலுவலர் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அந்த அவமானம் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகே உத்தரவைப் படித்தார். வகுப்பு ஓராண்டுக்கு, வாரம் ஒரு பாடவேளை. அறை அதற்கே. ஆய்வகப் பொறுப்பாளரே நடத்தலாம். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் சோதனைப் பலகையை மாணவர் ஒருவர் சோதித்து, பொறுப்பாளரின் பதிவுக்குக் கீழே கையொப்பமிட வேண்டும். பழுதாக்கப்பட்டிருக்கக்கூடிய நான்கு பொருட்களின் சொந்தக்காரர்களுக்கு நேரில் தெரிவிக்க வேண்டும்.

"வாத்தியார் ஆயிட்டீங்க" என்றார் மனைவி, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து. "உங்களைத் திருத்த ஒரு பிள்ளையையும் போட்டிருக்காங்க. எனக்குப் பாதி வேலை மிச்சம்."

சனிக்கிழமை காலை வக்கீலையும் நெட்டையையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். முதல் வீடு பள்ளிக்கு மூன்றாவது தெருவில் ஒரு தையல் கடை. வரிசை எண் பதினேழு, மேஜை விளக்கு. தையல்காரர் மிஷினிலிருந்து காலை எடுக்காமல் கேட்டார்.

"உங்க விளக்கை நாங்கதான் கெடுத்திருக்கோம்னு நினைக்கிறோம். மன்னிக்கணும்" என்றார் நோட்டுக்காரர். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

"நான்தான் அதைத் தூக்கிப்போட்டேனே. அதுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"வந்தப்போ அது எரிஞ்சிருக்கலாம்."

"எரிஞ்சுதே. முந்தின நாள் வரைக்கும் அதுலதான் பொத்தான் தைச்சேன்."

"அப்புறம் ஏங்க போட்டீங்க?" என்றாள் வக்கீல்.

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "மருமக முதல் சம்பளத்துல புது விளக்கு வாங்கிட்டு வந்தா. பழசு பக்கத்துலயே நின்னா, மாமாவுக்குப் பிடிக்கலை போலன்னு நினைச்சுப்பாம்மா. புதுசுல வெளிச்சம் பத்தலைதான். என்ன பண்றது."

"பழசைச் சரிபண்ணிக் கொண்டுவந்தா?" என்றான் நெட்டை.

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். "அவ வேலைக்குப் போற நேரமாக் கொண்டுவா. ஒன்பதரைக்கு மேல."

நோட்டுக்காரர் நோட்டைத் திறந்துகொண்டு நின்றார்.

"சார், இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்றாள் வக்கீல்.

எந்தக் கட்டத்திலும் அது அடங்காது. தையல்காரரின் மர ஸ்கேலை இரவல் வாங்கி, வெட்டும் மேஜையில் நோட்டை வைத்து, கையொப்பத்துக்கு அடுத்தாற்போல் ஒரு கோடு இழுத்தார். தலைப்பு ஒன்றும் தோன்றவில்லை. மேலே வெறுமனே விட்டுவிட்டு, தையல்காரர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டார். ஒன்பதரை என்பதையும் சேர்த்து எழுதினார். பிறகு அடுத்த வீட்டு முகவரியைப் பார்த்தார். இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது.